மூன்றாம் கூப்பாடு

பழவேற்காடு,
தாரண வருஷம், ஐப்பசி மாதம்.

அண்ணன் வேதாசலம் அவர்கள் சமூகத்துக்குத் தம்பி தருமலிங்கம் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் காந்தாவும் நலம். அவளுக்கு மசக்கை இன்னும் விடவில்லை. மீன் வாசனை பட்டாலே குமட்டுகிறதாம். பழவேற்காட்டில் மீன் வாசனை இல்லாத இடத்துக்கு நான் எங்கே போவேன்? உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? சமையற்காரி எல்லம்மா ஒழுங்காகச் சமைத்துப் போடுகிறாளா?

நீங்கள் கேட்ட சமாச்சாரம் உண்மைதான். ஒல்லாந்துக்காரர்கள் ஊரை இங்கிலீஷ்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கோடைக்குள் கொடி இறங்கிவிடும் என்று எங்கள் துரை சொல்லிவிட்டுக் குடிக்கப் போய்விட்டார். கச்சேரியில் எழுத்துவேலை பார்க்கிறவர்களுக்கு மாசி மாதம் சென்னப்பட்டணத்தில் பரீட்சையாம். இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிறவனுக்குத் துரைகளின் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி மேசை. சுமாராகப் பேசுகிறவனுக்கு நகல் எழுதும் பலகை. மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். பார்த்து எழுதவும் வரும். பேச வாயைத் திறந்தால்தான் ஒல்லாந்து பாஷை முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. அதை ஓரமாக நிறுத்திவிட்டு இங்கிலீஷைத் தேடிப் பிடிப்பதற்குள் கேட்டவர் எழுந்து போய்விடுவார்.

இந்த வேலை போனால் எனக்கு வேறு என்ன தெரியும், அண்ணா? நைனாவைப் போல ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவக்கூட வராது. சின்ன வயதிலேயே நம் இருவரையும் பாதிரி பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டாரே! பிள்ளை வேறு பிறக்கப் போகிறது. பயமாக இருக்கிறது. நீங்கள் இங்கிலீஷ் வியாபாரியிடம் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவர். வழி சொல்லுங்கள். எண்ணூர் வழியாகப் போகும் கிளிஞ்சல் தோணியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தருமலிங்கம்.


சென்னப்பட்டணம், முத்தியாலுப்பேட்டை,
ஐப்பசி மாதக் கடைசி.

சிரஞ்சீவி தம்பி தருமலிங்கத்துக்கு அண்ணன் ஆசீர்வாதம். முதுகுவலி முதுகோடுதான் போகும். எல்லம்மா புளியை அள்ளிப் போடுகிறாள். மற்றபடி குறைவில்லை. காந்தாவைப் பளு தூக்க விடாதே.

விசாரித்தேன். பரீட்சை வைக்கும் துரை எதிரில் உட்கார மாட்டாராம். பக்கத்து அறையில் இருந்துகொண்டு, கதவுக்கு அப்பாலிருந்து கேட்பார். முகத்தைப் பார்த்து அர்த்தம் ஊகிக்கிறவர்களை ஒதுக்குவதற்காக இந்த ஏற்பாடு. முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: ‘வாட் ஈஸ் யுவர் நேம்?’ கேட்டவுடன் பெயரைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் முறை கேட்க வைத்தவன் நகல் பலகைக்கு. மூன்றாம் முறை கேட்க வைத்தவன் ஊருக்கு.

உன் வியாதி என்ன என்று எனக்குத் தெரியும். பாஷை அல்ல. நீ எந்தப் பாஷையிலும் முதல் கூப்பாட்டுக்கு வாய் திறக்காதவன். எல்லாம் நைனா செய்த வேலை. ‘தண்ணி மேல எவன் கூப்ட்டாலும் மூணாந்தரம் வரைக்கும் வாயத் தொறக்காதடா. ஏரில செத்தவனுக்கு ரெண்டு மூச்சுதான். மூணாவது கூப்பாட்டுக்கு மூச்சு பத்தாது’ என்று சொல்லிச் சொல்லியே நம்மை ஊமையாக்கி வைத்தார். தண்ணீர் மேல் என்றுதான் சொன்னார். நாம் வீட்டிலும் வீதியிலும் அப்படியே வளர்ந்துவிட்டோம்.

நான் பட்டணத்துக்கு வந்த புதிதில் என் துரை கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், நான் செவிடு என்றே முடிவு கட்டிவிட்டார். பிறகு அந்தப் பழக்கத்தைத் தலைமுழுகினேன். ஒரு பேயும் என்னைப் பிடிக்கவில்லை. நீயும் விட்டுவிடு. காந்தாவை மறைவில் நின்று திடீர் திடீரென்று கூப்பிடச் சொல். முதல் கூப்பாட்டுக்கே ‘எஸ், சார்’ வர வேண்டும். இதுதான் உனக்குப் பாடம். வார்த்தைகள் தாமாக வரும்.

வேதாசலம்.


பழவேற்காடு,
கார்த்திகை மாதம்.

அண்ணன் அவர்களுக்கு நமஸ்காரம். இங்கே விடாத மழை. நாங்கள் நலம். காந்தாவுக்கு மசக்கை போய், இப்போது எதைப் பார்த்தாலும் தின்ன வேண்டுமாம்.

நீங்கள் சொன்ன பாடத்துக்கு அவள் முதலில் சம்மதிக்கவில்லை. ‘மாமாவுக்கு இன்னா, பட்டணத்துல குந்திகினு எழுதிட்டாரு’ என்று முறைத்தாள். கடைசியில் ஒரு கட்டுப்பாடு வைத்தாள். வீட்டுக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடுவாளாம். தண்ணீர் மேல் மட்டும் நான் பழைய வழக்கத்தை விடக்கூடாதாம். சரி என்று தலையாட்டினேன்.

முதலில் பழக்கம் விடவில்லை. அவள் கூப்பிடுகிறாள், எனக்குக் கேட்கிறது, வாய் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. இப்போது தேறிவிட்டேன். அடுப்படியிலிருந்து கூப்பிட்டாலும் ‘எஸ், சார்’, கொல்லையிலிருந்து கூப்பிட்டாலும் ‘எஸ், சார்’. நேற்று கடைவீதியில் நண்டு விற்கிற கிழவி கூப்பிட, அவளுக்கும் ‘எஸ், சார்’ போட்டுவிட்டேன். ‘பேஜாரு புடிச்சவனே’ என்று கூடையால் அடிக்க வந்தாள்.

ஒன்று சொல்கிறேன், காந்தாவுக்கு எழுதிவிடாதீர்கள். கச்சேரிக்கு நான் தினமும் அக்கரையிலிருந்து குப்பன் தோணியில்தானே வருகிறேன்? நாளில் பாதி அந்தத் தோணியில் போகிறது. அங்கே மட்டும் வாயை மூடிக்கொண்டால் பழக்கம் எப்படி விடும்? குப்பனையும் கூப்பிடச் சொன்னேன். ‘நா மாட்டேன் சாமி’ என்று காதைப் பொத்திக்கொண்டான். கோட்டைக்குப்பத்து மீன்பிடிக்காரன் வேறு எப்படி இருப்பான்? நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

தருமலிங்கம்.


பழவேற்காடு,
மார்கழி மாதம்.

அண்ணா, உங்களுக்கும் எல்லம்மாவுக்கும் சுகம் உண்டாகட்டும். இன்றைக்கு எனக்கு இருக்கும் சந்தோஷத்தில் கை நிற்கவில்லை.

காலையில் ஏரி முழுக்கப் பனி. தோணியின் முனையே எனக்குத் தெரியவில்லை. குப்பன் கழி போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான். நான் பாடம் சொல்லிக்கொண்டே வந்தேன். வலப் பக்கத்துப் பனிக்குள்ளிருந்து ஒரு குரல், சுத்தமான இங்கிலீஷ் குரல், ‘வாட் ஈஸ் யுவர் நேம்?’ என்று கேட்டது. நான் யோசிக்கவே இல்லை. ஒல்லாந்து பாஷை குறுக்கே வரவில்லை. ‘மை நேம் ஈஸ் தருமலிங்கம், சார்’ என்று சொல்லிவிட்டேன். முதல் தடவையிலேயே!

குப்பன் கழியை விட்டுவிட்டான். அது சேற்றில் குத்திட்டு நிற்க, தோணி தன்பாட்டுக்கு ஒதுங்கியது. ‘இன்னா சாமி பண்ணிட்ட? ஒரே கூப்பாட்டுக்குப் பேரத் தூக்கிக் குடுத்துட்டியே!’ என்று அடித்துக்கொண்டான். யாரோ ஏரியை அளவெடுக்க வந்த துரையாக இருக்கும் என்றேன். பனி விலகியதும் பார்த்தோம். அந்தப் பக்கம் தோணியும் இல்லை, ஆளும் இல்லை. அங்கே இடுப்பளவுத் தண்ணீர்தான். நடந்தே போயிருப்பார்.

குப்பன் வேறு கதை சொல்கிறான். முகத்துவாரத்தில் முன்பு ஒரு இங்கிலீஷ் கப்பல் உடைந்ததாம். ஒருவன் உடம்பும் கரை ஒதுங்கவில்லையாம். நாளையிலிருந்து என்னை ஏற்ற மாட்டானாம். போகட்டும். சின்னத் தோணி ஒன்று வாங்கி நானே தள்ளிக்கொள்கிறேன். துரை மறுபடியும் வருவார் என்று தோன்றுகிறது.

தருமலிங்கம்.


முத்தியாலுப்பேட்டை,
மார்கழி மாதக் கடைசி.

தம்பிக்கு ஆசீர்வாதம். பனியில் எனக்கு இருமல். கஷாயம் குடித்துக்கொண்டிருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

சபாஷடா! உன் கடிதத்தைப் படித்துவிட்டு எல்லம்மாவைக் கூப்பிட்டுப் பாயசம் வைக்கச் சொன்னேன். இப்படி ஒரு துரை கிடைப்பது உன் அதிர்ஷ்டம். அவரை விடாதே. தினமும் பேச்சுக் கொடு. குப்பன் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போகாதே. ஆனால் அவர் பெயரை நீ எழுதவில்லையே? கேட்டு எழுது. பட்டணத்தில் யார் என்று விசாரித்து வைக்கிறேன்.

வேதாசலம்.


பழவேற்காடு,
தை மாதம்.

ஐயா வேதாசலம் அவர்களுக்கு, உபதேசியார் ஆபிரகாம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் தம்பி மனைவி காந்தா என் எதிரில் உட்கார்ந்து சொல்கிறாள். வாயில் வந்ததை வந்தபடியே எழுதுகிறேன்.

மாமா, நல்லா கீறீங்களா? நா நல்லா இல்ல. வயித்துப் புள்ள நல்லா கீது. உங்க தம்பிதான் நல்லா இல்ல.

வெள்ளன எழுந்து சின்னத் தோணிய எடுத்துகினு தனியா பூட்றாரு. கச்சேரிக்குப் போறதில்ல. கழுத்து வரைக்கும் நனைஞ்சிகினு வராரு. இடுப்பளவுத் தண்ணில கழுத்து எப்டி மாமா நனையும்? வூட்டுக்கு வந்தா செவுத்தப் பாத்துகினு இங்கிலீசுல பதில் சொல்லிகினே இருக்காரு. கேக்கறவங்க யாரும் இல்ல. பதில் மட்டும் வருது.

அதுகூட பரவால்ல. இப்ப நா கூப்ட்டா திரும்ப மாட்றாரு. முன்ன ஒரே கூப்பாட்டுக்கு எஸ் சாருன்னவரு, இப்ப தருமலிங்கம் தருமலிங்கம்னு தொண்ட கிழியக் கத்தினாலும் யாரையோ கூப்புட்ற மாரி குந்திகினு கீறாரு. அந்தப் பேரு இவுருது இல்லாத மாரி.

பரீட்ச வாணாம்னு ஒரு வார்த்த எழுதுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. வேல போனா போவுது. புள்ள பொறந்ததும் நா ஏரில எறங்கி எறா தடவி கஞ்சி ஊத்தறேன். சீக்கிரம் எழுதுங்க மாமா.


பழவேற்காடு,
மாசி மாதம்.

அண்ணனுக்கு.

பாடம் முடிந்தது. என் பெயரை இனி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்றார். நன்றாகச் சொல்கிறேனாம். நாளை தண்ணீர் வழியாக வருகிறேன். வாசலில் நின்று கூப்பிடுகிறேன். கூப்பிட்டதும் பதில் சொல்லுங்கள்.

தருமலிங்கம்.


முத்தியாலுப்பேட்டை,
மாசி மாதக் கடைசி.

காந்தாவுக்கு மாமாவின் ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள். தை மாதம் நீ எழுதியதற்குப் பதில் போடாமல் இருந்துவிட்டேன். பரீட்சை நெருக்கத்தில் அவன் மனத்தைக் கலைக்க வேண்டாம் என்று நினைத்தேன். கோபிக்காதே.

நல்ல செய்தி, காந்தா! உன் புருஷனுக்குத் துபாஷி மேசை. வந்திருந்த எல்லோரிலும் அவன்தான் முதல். துரை கேள்வியை முடிக்கும் முன்பே இவன் பதிலை முடித்துவிட்டானாம். கப்பலில் வளர்ந்தவன் மாதிரி பேசுகிறானே, எங்கே கற்றான் என்று துரையே என்னிடம் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் வந்த அன்று நான் வாசலிலேயே காத்திருந்தேன். கூப்பிட வேண்டிய வேலை அவனுக்கு இல்லை. என்னைக் கண்டு கொஞ்சம் ஏமாந்தவன் மாதிரி நின்றான். களைப்பு. அவன் படுத்த பாய் வெயிலில் போட்டும் காய மாட்டேன் என்கிறது. சோற்றைப் பிசைகிறானே தவிர வாயில் வைப்பதில்லை என்று எல்லம்மா முணுமுணுக்கிறாள். ஊர் மாறியதால் இருக்கும்.

நேற்று, ‘காந்தாவுக்கு எப்போது பேறுகாலம்?’ என்று கேட்டேன். ‘யார்?’ என்றான். புது வேலையின் மயக்கம், வேறென்ன? நீ ஒன்றும் மனத்தில் வைத்துக்கொள்ளாதே. அவன் ஏன் உனக்கு எழுதவில்லை என்று கேட்டுக் கண்டிக்கிறேன்.

வேதாசலம்.


பழவேற்காடு,
பங்குனி மாதம்.

ஐயா, ஆபிரகாம் எழுதுகிறேன். இது சுகம் விசாரிக்கும் கடிதம் அல்ல. அவள் சொல்வதை எழுதுகிறேன். நானும் கூட இருந்தவன், நானும் பார்த்தவன்.

மாமா, உங்க தம்பி செத்துட்டாரு.

மாசில பட்டணம் போறேன்னு சின்னத் தோணிய எடுத்துகினு போனாரு. அன்னிக்கே மத்தியானம் குப்பன் வலைல கெடச்சாரு. அந்த இடுப்பளவுத் தண்ணிலதான். வலது கால் கட்டவிரல்ல நகம் இல்ல. சின்னப் புள்ளல நீங்க அம்மிக்கல்லப் போட்டு நசுக்கினீங்களாமே, அந்த விரலுதான். நாந்தான் குளிப்பாட்டினேன். கரைலயே எரிச்சோம். நா படுத்த படுக்கையாயிட்டேன். எழுந்து குந்தி, தகவல் சொல்ல ஆள் அனுப்பலாம்னு இருக்கச்சே உங்க காயிதம் வந்துது, முதல்ல தேறிட்டாருன்னு.

இங்க நா எரிச்சது என் புருசன. அங்க உங்க வூட்ல சோத்தப் பிசைஞ்சிகினு குந்தியிருக்கறது யாரு மாமா?

குப்பன் சொல்றான். பேரக் குடுத்தவன் உடம்ப ஏரிக்குக் குடுத்துட்டான். பேரையும் கொரலையும் வாங்கிகினது கரை ஏறிட்ச்சின்னு. உஷாரா இருங்க. உங்க நைனா சொன்னது உங்குளுக்குத் தெரியும். அதால ரெண்டு தரந்தான் கூப்புட முடியும். கதவச் சாத்திகினு நீங்க உள்ள இருங்க. அத வெளில நின்னு கூப்புடச் சொல்லுங்க. மூணாந்தரம் கூப்ட்டா அது என் புருசன். நா எரிச்சது வேற யாரோன்னு சந்தோசமா ஓடி வரேன். கூப்புடலன்னா வாயத் தொறக்காதீங்க.


முத்தியாலுப்பேட்டை,
பங்குனி மாதக் கடைசி.

காந்தா,

மாமாவின் ஆசீர்வாதம். சுகம் என்று மட்டும் எழுத வரவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பைத்தியக்காரத்தனம் என்று கிழிக்கப் போனேன். அம்மிக்கல் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. அவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். காலைப் பார்த்தேன். பத்து விரலிலும் நகம் இருந்தது.

எல்லம்மாவை அவள் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இன்று உச்சிப் பொழுதில், ‘தம்பி, வெளியே நின்று என்னைக் கூப்பிடு பார்க்கலாம்’ என்று விளையாட்டுப்போலச் சொன்னேன். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எழுந்து போனான். கதவைத் தாழிட்டேன்.

‘அண்ணா’ என்றான். அதே குரல், காந்தா. திருவிழாவில் தோளில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கூப்பிடுவானே, அதே இழுப்பு. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். ‘அண்ணா’ என்றான் மறுபடியும். அவ்வளவுதான். வீதியில் வண்டிகள் போயின, மோர்க்காரி கூவிக்கொண்டு போனாள், வெயில் சாய்ந்துவிட்டது. மூன்றாவது கூப்பாடு வரவில்லை. ஆனால் அவன் போகவும் இல்லை. கதவுக்கு அடியில் ஈரம் கசிந்து உள்ளே வருகிறது. தொட்டு வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு. நம் ஏரித் தண்ணீர்.

பழக்கத்தை விடு என்று எழுதியவன் நான். அந்தக் குரலை விடாதே என்று எழுதியவனும் நான். பாயசம் வேறு குடித்தேன், பாவி. நீ கதறி எழுதியபோது ஒரு வரி பதில் போட்டிருந்தால் என் தம்பி பிழைத்திருப்பான். ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரரிடம் இதைக் கொடுக்கிறேன்.

அது அவன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் குரல், காந்தா. உலகத்தில் வேறு எங்கும் இனி அந்தக் குரல் இல்லை. எவ்வளவு நேரம்தான் இந்த வாயைப் பொத்திக்கொண்டிருப்பேன்?

வேதாசலம்.


முத்தியாலுப்பேட்டை,
பார்த்திப வருஷம், சித்திரை மாதம்.

காந்தாவுக்கு.

தம்பியும் நானும் தண்ணீர் வழியாக வருகிறோம். முதுகுவலி இல்லை. இருமல் இல்லை. பிள்ளை பிறந்திருக்கும். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தாய்? எழுது. கரைக்கு வந்து கூப்பிடுகிறோம். கூப்பிட்டதும் பதில் சொல்லப் பிள்ளையைப் பழக்கு.

வேதாசலம்.


வைகாசி மாதம்.

ஆபிரகாம் எழுதுகிறேன். காந்தா இப்போது இருக்கும் ஊருக்கு வந்திருக்கிறேன். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்கிறாள். வணக்கமும் வேண்டாம் என்கிறாள். யாருக்கு என்று தெரியாமல் வணக்கம் எப்படி எழுதுவது?

எங்க மாமா ஒரு வரி எழுதினாலும் ஆசீர்வாதம்னு எழுதிட்டுதான் ஆரம்பிப்பாரு. இதுல அது இல்ல. மாமாவும் வாயத் தொறந்துட்டாருன்னு தெரிஞ்சிகினேன். அழுது முடிச்சிட்டேன்.

நா இப்ப ஏரி கண்ணுக்குத் தெரியாத ஊர்ல கீறேன். நெல்லு வெளயற ஊரு. இங்க கெணறு மட்டுந்தான், அதுக்கும் மூடி போட்டு வெச்சிருக்கேன்.

ஆம்பளப் புள்ள. அவங்கப்பா மாரி நெத்தி. பேரு கேட்டீங்களே, பேரு வெக்கல. வெக்கவும் மாட்டேன். பேரு இருந்தாத்தான கூப்புடுவீங்க? ஊர்ல எல்லாம் திட்றாங்க, பேரில்லாத புள்ளய எப்டி வளப்பன்னு. வளப்பேன்.

பசிச்சா அது அழுவுது. மொத தரம் அழுதா நா திரும்ப மாட்டேன். ரெண்டாந்தரம் அழுதா மார்ல பாலு கட்டிகினு வலிக்கும், அப்பவும் பல்லக் கடிச்சிகினு குந்திகினு இருப்பேன். மூணாந்தரம் அழுதப்புறந்தான் ஓடிப் போயித் தூக்கறேன்.